கூட்டைத் திறந்து பார்க்கலாமா?

குட்டீஸ்... 'பறவைக் கூட்டில் கை வைக்காதே' என்று பாட்டி அதட்டியிருப்பார். நல்ல பழக்கம்தான். மரத்தில் தானே கூடு கட்டிக் கொண்ட பறவையை எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். ஆனால், அமெரிக்காவில் ஒரு பறவையின் கூட்டை வாரம் ஒரு முறை திறந்து, முட்டைகளை எண்ணி எழுதுகின்றனர். எண்ணுகிறவர்கள் பக்கம்தான் நான்!

அந்தப் பறவை, பர்ப்பிள் மார்ட்டின். வட அமெரிக்காவின் தகைவிலான் குருவிகளில் இதுதான் பெரியது. குளிர்காலத்தில் பிரேசில் பக்கம் போய்விடும். 2007ல், பென்சில்வேனியாவில் சில மார்ட்டின்களின் முதுகில் குட்டிக் கருவியைக் கட்டி அனுப்பினர். அதில் ஒரு பெண் பறவை, அடுத்த வசந்தத்தில், 7,500 கி.மீ., தூரத்தை 13 நாளில் கடந்து ஊர் திரும்பியது!

அவ்வளவு தூரம் பறந்து வந்து எங்கே தங்கும்? மனிதன் வைத்த வீட்டில்! அமெரிக்கப் பழங்குடியினர் சுரைக்குடுக்கையைக் குடைந்து தொங்கவிட, மரப்பொந்தில் வாழ்ந்த மார்ட்டின்கள் அதில் குடியேறின. இன்று ராக்கி மலைக்குக் கிழக்கே உள்ளவை, ஏறக்குறைய எல்லாமே, கம்பத்து உச்சியில் மனிதர்கள் வைக்கும் பெட்டிகளையும் குடுக்கைகளையும்தான் நம்பியிருக்கின்றன. வைப்பவர்களுக்கு, 'வீட்டுக்காரர்' என்றே பெயர். வாடகைதான் வராது!

'வீடு கொடுத்தாச்சே, எட்டிப் பார்ப்பானேன்?' என்று கேட்பீர்கள். கம்பத்தில் பாம்பு ஏறும், ரக்கூன் ஏறும். மழையில் கூடு நனையும். உண்ணிகள் குஞ்சுகளின் ரத்தத்தைக் குடிக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், இதில் எதுவும் தெரியாது. அதனால், கயிற்றை இழுத்துப் பெட்டிகளை இறக்கி, 'அறை எண் 6 - பச்சை இலை பரப்பியுள்ளது, முட்டை 5' என்று நோட்டில் குறிக்கின்றனர். மார்ட்டின்கள் இதைப் பொறுத்துக் கொள்ளும். கூட்டை விட்டு ஓடிவிடாது.

எப்போது பார்க்கக் கூடாது என்பதைச் சொல்வதும் அந்த நோட்டுதான்! முட்டை பொரிக்க 15 முதல் 18 நாள் ஆகும். குஞ்சுக்கு 22 நாள் வயதாகிவிட்டால் கூட்டைத் திறக்கக் கூடாது. பயந்துபோய், பறக்கத் தெரியாமலேயே குதித்துவிடும். தேதி எழுதாதவருக்கு இது எப்படித் தெரியும்?

இனி, கஷ்டமான விஷயம். மார்ட்டின்களின் பெரிய எதிரி யார் தெரியுமா? நம் சிட்டுக்குருவி! 1850களில், ஐரோப்பாவில் இருந்து நியூயார்க் பக்கம் கொண்டு போய் விட்டனர். மைனாவின் உறவான ஸ்டார்லிங், 1890ல் அங்கே போய்ச் சேர்ந்தது. ஸ்டார்லிங் நுழையாமல் இருக்க, பிறை வடிவ வாசல் வைக்கின்றனர். சிட்டுக்குருவி மார்ட்டினை விடச் சின்னது. எந்த வாசலும் அதைத் தடுக்காது. உள்ளே போய் முட்டைகளைக் கொத்தி உடைத்து, குஞ்சுகளையும் கொன்று, அறையைப் பிடித்துக் கொள்ளும். அதனால், வாரந்தோறும் பார்த்து, சிட்டுக்குருவி கட்டிய கூட்டை எடுத்துப் போடுகின்றனர்.

மனசு வலிக்கிறதா? எனக்கும்தான். கொண்டு போய் விட்டது மனிதன். பாவம், குருவி மேல் என்ன தப்பு! ஆனாலும், கூட்டை எடுப்பதுதான் சரி என்பேன். சிட்டுக்குருவிக்கு அங்கே ஓட்டுச் சந்து, கடைப் பலகை என்று ஆயிரம் இடம் இருக்கிறது. மார்ட்டினுக்கு அந்தக் கம்பம்தான்.