எறியப்படாத வளரி

அக்டோபர் பிறந்தால் அம்பாசமுத்திரத்துச் சுவர்களுக்கும் மருதிருவர் வந்துவிடுகிறார்கள். முறுக்கிய மீசை, இடையில் வாள், கையில் பிறை வடிவில் வளரி. சென்ற ஆண்டு சுவரொட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்த ஒருவரிடம் இதை எப்படி எறிவார்கள் என்று கேட்டேன். "ஆளை அடிச்சிட்டுத் திரும்பக் கைக்கே வந்துரும்லா அண்ணாச்சி" என்றார். அவர் எறிந்து பார்த்தவரல்லர். நானும்தான்.

வளரி திரும்பி வருகிற கருவியன்று. ஒரு முனை கனமானது, மறுமுனை மெலிந்தது. மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில முறை சுழற்றி விட்டெறிவார்கள். சுழன்று சென்று கனத்தோடு தாக்குவதே அதன் வேலை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வேட்டைத் தடிகளிலும் பெரும்பாலானவை திரும்பி வராதவையே. இலக்கில் பட்ட தடி எப்படித் திரும்பும் என்ற எளிய கேள்வியைக்கூட நம் பெருமிதம் கேட்க விடுவதில்லை.

எறிந்தவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கம்பெனிப் படையின் ஜேம்ஸ் வெல்ஷ், 1790களில் மதுரைப் பகுதியில் இளம் அதிகாரியாக இருந்தபோது, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். தேர்ந்த கையிலிருந்து போனால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் கணிப்பு. ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர். சற்று மிகையாகவும் இருக்கலாம்; ஆனால் மாணவன் சொல்லும் மிகை அது, சுவரொட்டியின் மிகையன்று. அந்த மாணவரே 1801-இல் ஆசானுக்கு எதிரான படையெடுப்பில் இருந்தார். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் சின்ன மருது தூக்கிலிடப்பட்டார். டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் பாளையக்காரர் சீமைகளில் ஆயுதப் பயன்பாட்டுக்கு முடிவு கட்டியது.

நூறாண்டு கழித்து என்ன மிஞ்சியது? 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் புதுக்கோட்டைத் திவான் தந்த குறிப்பு ஒன்று இருக்கிறது. தேர்ந்த கைகள் இப்போது சமஸ்தானத்தில் இல்லை. முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எப்போதாவது வீசுகிறார்கள். மற்றபடி பூஜை அறையில் கிடக்கிறது, ஆயுதபூஜைக்கு எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கிறார்கள் என்கிறார். திருமணத்தில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் வளைதடியை மாற்றிக்கொள்ளும் கள்ளர் வழக்கத்தையும் தர்ஸ்டன் பதிந்திருக்கிறார். பூஜை அறையிலிருந்து சுவரொட்டிக்கு வந்தது பிந்தைய கதை. இடையில் தொலைந்தது கையறிவு: எவ்வளவு கனம், எங்கே பிடிப்பது, எப்போது விடுவது.

கையறிவை மீட்க முடியும் என்பதற்கு வேறொரு தேசத்துச் சான்று உண்டு. அட்லாட்ல் என்பது அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழிச் சொல். கொக்கி முனையுள்ள ஒரு கோல். அதில் நீண்ட ஈட்டியைப் பொருத்தி வீசினால் முழங்கை இன்னொரு முழம் நீண்டதுபோல் விசை கூடும். ஐரோப்பியக் குகைகளில் பதினேழாயிரம் ஆண்டுக்கு முந்தியவை கிடைத்திருக்கின்றன. இன்று அமெரிக்காவில் ஆசிரியர்களும் தச்சு வேலைப் பித்தர்களும் அதைத் தாமே செதுக்கி எறிகிறார்கள். 1987-இல் சங்கம் வைத்தார்கள். பதினைந்து மீட்டரிலிருந்து ஐந்து, இருபது மீட்டரிலிருந்து ஐந்து, ஆகப் பத்து எறிகள், நூறு புள்ளி. எங்கே எறிந்தாலும் அதே அளவு. பறக்கும்போது ஈட்டி வளைந்து நிமிர வேண்டும், விறைத்த தண்டு உதவாது என்பதை அவர்கள் எறிந்தே உணர்கிறார்கள்.

இங்கே வளரியை எறியச் சொல்வது எளிதல்ல; அது எனக்குத் தெரியாமலில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தில் சாதி தெரிகிற மாவட்டம் இது. இங்கே இன்னோர் ஆயுதமா என்று நண்பர் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயமானது. ஆனால் எறியப்படாத வளரிதான் சாதிச் சின்னமாக இருக்க வசதியானது என்று எனக்குத் தோன்றுகிறது. சுவரொட்டியில் அது குறி தவறுவதே இல்லை. மைதானத்தில் எல்லோருக்கும் தவறும். எந்தத் தெருப் பையனுக்கு, எந்தத் தெருப் பெண்ணுக்குக் கை வாய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலம்பத்துக்கு அது நடந்திருக்கிறது. அடிதடிக்காரர் வித்தை என்று ஒதுக்கப்பட்ட கம்பை இன்று பள்ளிச் சிறுமிகள் சுற்றுகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. ஆனால் ஒன்று: பட்டை தீட்டாத மரம், வைக்கோல் இலக்கு, அளந்த தூரம், எல்லாத் தெருப் பிள்ளைகளும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தலைவர் படத்துக்கு மாலை போட்டுத் தொடங்குவதானால் தொடங்கவே வேண்டாம்.

பிசான அறுவடை முடிந்தால் ஆற்றங்கரை வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். ஆசாரி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். பலகையில் அறுத்தால் வளைவில் நார் குறுக்கே ஓடி முதல் அடியிலேயே தெறித்துவிடும், வளைந்தே வளர்ந்த கிளைதான் வேண்டும் என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத செய்தி. புளியங்கிளை ஒன்று பார்த்து வெட்டி நிழலில் போட்டிருக்கிறார். பங்குனிக்குள் காய்ந்துவிடுமாம்.