மைனியின் மூக்கு

அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். இனி வரப்போகும் புதுக் கார்கள், ஓட்டுகிறவர் குடித்திருக்கிறாரா என்று தாமே கண்டுபிடித்து, 'ஐயா, நீங்கள் இறங்கலாம்' என்று சொல்லிவிட வேண்டுமாம்!

இதை எனக்குச் சொன்னவன் என் தம்பி மகன். மிச்சிகனில் கார் சம்பந்தப்பட்ட வேலை. லீவுக்கு நாகர்கோவில் வந்தவன், முற்றத்தில் உட்கார்ந்து வருக்கைச் சக்கையைச் சுளை சுளையாக உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னான். (சக்கை என்றால் எங்கள் ஊரில் பலாப்பழம். மற்ற ஊர்க்காரர்கள் மாடு தின்பதை நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

"எப்படி இருக்கு பெரியப்பா நம்ம டெக்னாலஜி?"

"பழசு. எங்க மைனி இதை நாப்பது வருசம் முன்னாலேயே கண்டுபிடிச்சாச்சு" என்றேன்.

மைனி என்றால் அண்ணி. என் பெரியப்பா மகன் அண்ணாச்சிக்கு வடசேரியில் வாழைக்குலை மண்டி. வெள்ளை அம்பாசடர். சாயந்திரமானால் கொஞ்சம் 'இது'. மண்டியிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வண்டியை எடுக்கப் போனால், மைனி நடைப்படியில் நிற்பாள். முகத்து வியர்வையைத் துடைக்கிற சாக்கில் முந்தானையோடு மூக்கும் பக்கத்தில் வரும். சந்தேகம் இருந்தால் இரண்டாவது பரீட்சை.

"சுசீந்திரம் தாணுமாலயன்னு மூணு தரம் நிறுத்தாம சொல்லும் பாப்போம்."

அண்ணாச்சி முதல் தரம் சரியாகச் சொல்வார். இரண்டாவது தரம் தாணு மட்டும் வருவார். மூன்றாவது தரம் மலையன் வருவான். சாவி அரிசிப் பானைக்குள் போய்விடும். பானைக்குள் கை விடும் தைரியம் அண்ணாச்சிக்குக் கிடையாது.

ஒரே ஒரு முறை மைனியின் மூக்கு தப்புச் செய்தது. வாயுத் தொந்தரவுக்கு வைத்தியர் கொடுத்த தசமூலாரிஷ்டத்தைக் குடித்துவிட்டு வந்தார் அண்ணாச்சி. அரிஷ்டம் புளித்து உண்டாவதால் அதில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கத்தான் செய்யும். "மருந்து பிள்ளே, மருந்து!" என்று மனுஷன் கெஞ்சினார். நடக்கவில்லை. டவுன் பஸ்சில் மண்டிக்குப் போனார்.

எங்கள் பக்கத்தில் காரைத் திருத்துவதற்கு முன்னால் கடையைத் திருத்தப் பார்த்தார்கள். 2015 ஜூலை 31-ஆம் தேதி, மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் டவரில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு திரும்பவில்லை. 2016 டிசம்பர் 15-ல் சுப்ரீம் கோர்ட், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. கடை உள்ளே போனது. நம் ஆளும் பைக்கை விரட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டு, அதே பைக்கில் அதே நெடுஞ்சாலைக்குத் திரும்பி வந்தார்.

அமெரிக்காக்காரன் கடையை விட்டுவிட்டுக் காரைப் பிடித்திருக்கிறான். 2019 ஜனவரியில் கென்டக்கி நெடுஞ்சாலையில், குடித்துவிட்டுத் தப்பான திசையில் வந்த ஒருவர் மோதி, மிச்சிகனைச் சேர்ந்த ஒரு குடும்பமே, அப்பா அம்மா மூன்று பிள்ளைகள், போய்விட்டது. அந்த ஊர் எம்.பி. அம்மையார் பிடித்த பிடியில் 2021 நவம்பரில் சட்டமாகிவிட்டது. விதிமுறை எழுதி முடிக்க மூன்று வருஷம் கெடு. 2024 நவம்பரில் கெடு தாண்டியது, விதி வரவில்லை. (நம்ம ஊர் மட்டும்தான் என்று நினைத்தேன். ஒரு சந்தோஷம்.)

அந்தக் கருவி எப்படி வேலை செய்யுமாம்? குழாயில் ஊதவேண்டியதில்லை. நாம் மூச்சு விட்டால் போதும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னத் துளை காற்றை இழுத்துக்கொள்ளும். உள்ளே அகச்சிவப்புக் கதிர். ஆல்கஹால் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று இரண்டையும் அளக்கும். கரியமில வாயு எதற்கு? நம் மூச்சு காருக்குள் இருக்கிற காற்றோடு எவ்வளவு கலந்து நீர்த்துப் போயிற்று என்று அதை வைத்துக் கணக்குப் போடுமாம். இன்னொரு வகை, ஸ்டார்ட் பட்டனில் விரல் வைத்தால் தோலுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்துச் சொல்லும்.

"தப்பாச் சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

அவன் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "அதான் பெரியப்பா சண்டையே" என்றான்.

அவன் கையிலிருந்த சுளையைப் பார்த்ததும் எனக்குப் பந்தளம் ஞாபகம் வந்தது. கேரள அரசு பஸ் டிரைவர்கள் டூட்டிக்கு ஏறுமுன் ஊதிக் காட்டவேண்டும். 2025 ஜூலையில் ஒரு நாள் பந்தளம் டிப்போவில் ஊதினவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். துப்பறிந்து பார்த்தால், டிரைவர் ஒருத்தர் ஊரிலிருந்து கொண்டுவந்த நல்ல பழுத்த சக்கை! ஊதிப் பூஜ்யம் காட்டிய ஒருவரைச் சக்கை தின்னவைத்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள். மிஷின் துள்ளியது. அளவு மீறிப் பழுத்த பழத்தில் சர்க்கரை புளித்து ஆல்கஹாலாகிறது. அது ரத்தத்துக்குப் போகவில்லை, வாயில்தான் நிற்கிறது. கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து ஊதினால் சரியாகிவிடும். நம் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் குற்றம். அமெரிக்காவில் பெரும்பாலான மாகாணங்களில் 80. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சக்கைப் பழம் ஒன்றுதான். அமெரிக்கக் கார் இங்கே வந்தால் ஆனி, ஆடி மாதங்களில் மாவட்டமே நடந்துதான் போகவேண்டும்.

தமாஷ் இல்லை. ஆயிரம் தடவையில் ஒரே ஒரு தடவை தப்பும் மிஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் கார், நாளைக்கு இரண்டு தரம் ஸ்டார்ட் செய்தால், தினம் 200 பேர் நடுவழியில். அதில் ஒருத்தர் பிரசவ வலிக்காரியை ஏற்றியிருப்பார்.

ஜனங்கள் சும்மா இருக்கமாட்டார்கள். 1974-ல் அமெரிக்காவில் சீட் பெல்ட் போடாவிட்டால் ஸ்டார்ட் ஆகாத கார்கள் வந்தன. பக்கத்து சீட்டில் காய்கறிப் பையை வைத்தால், 'யாரோ பெல்ட் போடாமல் இருக்கிறார்கள்' என்று கார் முரண்டு பிடித்தது. கத்தரிக்காய்க்கு பெல்ட் மாட்டிய ஜனங்கள் கொதித்தெழுந்து, அந்த வருஷமே பாராளுமன்றத்தில் அதை ஒழித்துக்கட்டினார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். "அப்போ இந்தச் சட்டம் வேண்டாம்ங்கீங்களா பெரியப்பா?" என்று கேட்டுவிட்டான்.

1993, ஆனி மாதம். பணகுடியில் ஒரு கல்யாணம். மகளுக்குப் பிரசவ நேரம் என்று மைனி வரவில்லை. ராத்திரி சாப்பாடு, சீட்டாட்டம், மற்றதெல்லாம் முடிந்து திரும்பும்போது மணி மூன்று. அண்ணாச்சி ஓட்டுகிறார், நான் முன் சீட்டில். கிளம்பும்போதே பார்த்தேன்: சாவியைத் துவாரத்தில் விடுவதற்கு மூன்று தரம் தேடினார். எனக்குத் தெரியும். ஆனால் அவர் மூத்தவர், மண்டி முதலாளி, என் மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்டினவர். எப்படிச் சொல்வது? ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனிக் காற்று ஜன்னல் வழியாகச் சாத்து சாத்தென்று சாத்தியது. வாசனையெல்லாம் போய்விட்டது. அதுவே எனக்குப் போதுமான சமாதானமாக இருந்தது.

தோவாளைக்கு முன்னால் ஒரு சைக்கிள். கேரியரில் பிச்சிப்பூக் கூடை. விடியற்காலைச் சந்தைக்குப் போகிற ஆள்.

பிழைத்தார். இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகையில் கார் முழுக்கப் பிச்சிப்பூ மணம். அண்ணாச்சி தென்னந்தோப்பை விற்றுக் கொடுத்தார். அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மைனி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"தம்பி, நீங்க முன் சீட்டுலதான இருந்தீங்க?"

2022 அக்டோபரில், குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூடப் போகிறவருக்கும் அபராதம் என்று சென்னை போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தபோது பலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை. மிஷினுக்கு மரியாதை தெரியாது, நன்றிக்கடன் தெரியாது, காலேஜ் பீஸ் தெரியாது. அரிஷ்டத்துக்கும் சக்கைக்கும் நாலு தடவை தப்பாகக் கத்தினாலும் கத்தட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2023-ல் மட்டும் அமெரிக்காவில் குடித்துவிட்டு ஓட்டிய வண்டிகளால் 12,429 பேர் செத்திருக்கிறார்கள். அத்தனை வண்டியிலும் ஒருத்தர் முன் சீட்டில் இருந்திருப்பார் என்று சொல்லமுடியாது. சிலவற்றிலாவது இருந்திருப்பார்.

"வேணும்டே மக்கா" என்றேன்.

பையன் கை கழுவிவிட்டு எழுந்தான். மார்த்தாண்டத்தில் அவன் அக்காளைப் பார்க்கப் போகவேண்டும். நான் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு நடைப்படியில் மைனி. வயது எண்பதை நெருங்குகிறது. அண்ணாச்சி போய்ப் பத்து வருஷமாகிறது. நாங்கள் பேசினதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"சக்கை தின்னியால மக்கா?"

"ஆமா பெரியம்மை."

கையை நீட்டினாள். "சாவியை இங்க தா. வாயைக் கொப்பளிச்சிட்டு கால் மணிக்கூர் இரி."

"பெரியம்மை, இது வெறும் சக்கை!"

"அரிஷ்டத்தையும் அப்பிடித்தான் சொன்னாரு, உங்க பெரியப்பா."

பையன் என்னைப் பார்த்தான். நான் காரைவிட்டு இறங்கினேன்.

"குடுத்திருடே" என்றேன்.