ஓய்வும் ஊதியமும்

ஊதியம் உயருமாயின் ஒருவர் மிகுதியாக உழைப்பரோ, குறைவாக உழைப்பரோ? வினா எளிது; விடை எளிதன்று. கூலி உயர உயர, ஓய்விற் கழியும் ஒவ்வொரு மணியும் பெருநட்டமாகத் தோன்றும். ஆதலின் மேலும் உழைக்க மனம் எழும். அவ்வுயர்வினாலேயே, சிறிது உழைத்து வேண்டுவன பெறுதலும் கூடும். ஆதலின் ஓய்வை நாடவும் மனம் எழும். இவ்விரண்டனுள் எது வெல்லும் என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்பர் பொருளாதார நூலார்.

இதற்கு ஒரு சான்று காட்டுவாம். அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாகாணத்துப் பேட்டில் கிரீக் நகரிலுள்ள கெல்லாக் தானிய உணவு ஆலையில், 1930-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எட்டு மணி வேலை ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. மூன்று ஷிப்டுகள் நான்காயின. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோர்க்கு இடமளிப்பதே நோக்கம். மணிக்கூலி உயர்த்தப்பட்டதெனினும், நாட்கூலி முதலிற் சிறிது குறைந்தது. அதற்கு ஈடாக நாள்தோறும் இரண்டு மணி நேரம் தொழிலாளர்க்கு உரியதாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. ஆடவர் பலர் எட்டு மணி வேலையையும் அதனால் வரும் மிகுபொருளையும் வேண்டினர். பெண்டிர் பலரோ ஆறு மணி வேலையையே விடாது பற்றி நின்றனர். ஆலை ஒன்றே, விருப்பம் இரண்டு. 1985-இல் ஆறு மணி முறை முற்றும் ஒழிந்தது.

இவருள் அறிவிலார் யாவர்? ஒருவரும் அல்லர் என்பதே எம் கருத்து. கடன் தீர்க்கவும் மக்களைப் படிப்பிக்கவும் மிகுதியாக உழைப்பாரைப் பேராசையுடையார் எனல் தகாது. போதுமென்று வீடு திரும்புவாரைச் சோம்பர் எனலும் தகாது. ஆயினும் ஒன்று ஆராயத்தக்கது. நம் விருப்பம் உண்மையில் நம்முடையதுதானா? அயலார் வாங்கிய பொருளைக் கண்டு பிறக்கும் வேட்கைக்கு எல்லையில்லை. அவர் வாங்குந்தோறும் நம் தேவையும் வளரும். ஓய்வோ முற்றத்தில் நிறுத்திப் பிறர்க்குக் காட்டத்தக்க பொருளன்று. ஆகவே அப்போட்டியில் அஃது எளிதில் தோற்கும்.

கல்லூரி விட்டு உத்தியோகம் தேடிச் செல்லவிருக்கும் நாம், “சம்பளம் எவ்வளவு?” என்று பிறரைக் கேட்குமுன், “நமக்கு எவ்வளவு போதும்?” என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக. அதற்கு விடை காணாதார்க்கு எச்சம்பளமும் போதாது.