நரியின்மேல் மட்டுமோ பழி?

இங்கிலாந்து தேசத்தில் நாய் வளர்ப்போர் இக்காலத்தில் ஒரு புழுவைக் குறித்துப் பெரிதும் அஞ்சுகின்றனர். ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் வாசோரம் என்பது அதன் சாஸ்திரப் பெயர். நுரையீரற் புழுவென வழங்கினும், முதிர்ந்த புழு வசிப்பது நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் குழாய்களிலும் இருதயத்தின் வலப்பாகத்திலுமேயாம். 1980-ஆம் ஆண்டுகளில் தென்மேற்குக் கோடியாகிய கார்ன்வாலில் நாய்களை வருத்திய இந்நோய், இந்நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வரையிலும் சென்றுவிட்டது. 2008-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில் அந்நாட்டு நரிகளில் நூற்றுக்கு 7 இப்புழுவைத் தாங்கியிருந்தன. 2015-ல் வெளியான மற்றொன்றிலோ அத்தொகை 18 ஆயிற்று.

இக்கணக்கைக் கண்டதும், நரிகளைக் கொன்றொழித்தால் நாய்கள் பிழைக்குமெனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் எமக்கு உடன்பாடன்று. புழு இரத்தத்தில் இடும் முட்டைகள் நுரையீரலின் நுண்குழாய்களிற் சிக்கிப் பொரிக்கின்றன. குஞ்சுகள் மூச்சுக்குழலில் ஏறி, இருமலால் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, மலத்தோடு வெளிப்படுகின்றன. அம்மலத்தை நத்தை தின்னும்; நத்தையை நாயோ நரியோ தின்னும். ஓடில்லாச் சிறு நத்தை புல்லோடும் விளையாட்டுப் பந்தோடும் நாயின் வாய்க்குட் சென்றுவிடுதலும் உண்டு. இவ்வட்டத்தில் நரி செய்வது யாதோ, அதையே வீட்டு நாயும் செய்கின்றது. நாயின் மலத்தை வேலியோரத்தில் விட்டுச் செல்லும் எஜமானன் நரியை மட்டும் நிந்திப்பது எங்ஙனம் பொருந்தும்? அன்றியும், ஓரிடத்து நரியைக் கொன்றால் வெற்றிடத்திற்கு வேறு நரி வந்துசேரும். அதற்குள் நத்தைகளும் அழிந்துபோவதில்லை.

நாயின் நிலையோ இரங்கத்தக்கது. சில நாய்கள் இருமும். சில ஓட மாட்டாமல் இளைக்கும். வேறு சிலவற்றில் இரத்தம் உறையுந் தன்மை கெட்டு, கண்ணிலோ மூளையிலோ இரத்தம் கசியும். இருமலே இல்லாமலும் இவ்வாறு நேரிடுவதால், புழுவின்மேல் ஒருவருக்கும் ஐயமெழாமலே நாய் இறந்துபோதலும் கூடும். தக்க காலத்தில் அறிந்தால் கொடுக்க நல்ல மருந்துகள் உள. மாதந்தோறும் கொடுத்துத் தடுக்கும் மருந்தும் உண்டு. ஆயினும், நோயுற்ற நாயின் மலத்தைச் சோதியாமல் வெறும் இருமல் மருந்து கொடுப்பது பெரும்பிழையென்றே சொல்லுவோம்.

அச்சோதனைக்கு அரும்பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஜாவாத் தீவில் மண்ணிலுள்ள கொக்கிப்புழுக் குஞ்சுகளைப் பிரித்தெடுக்க 1917-ல் பேர்மன் என்பவர் வெளியிட்ட முறையே இதற்கும் உதவுகின்றது. ஒரு புனலில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, மலத்தை மெல்லிய துணியிற் கட்டி அதில் அமிழ்த்தி, இரவு முழுவதும் வைப்பர். குஞ்சுகள் நீந்தி வெளிவந்து அடியில் தங்கும். காலையில் அடிநீரில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் நோக்கினால், வால்நுனி வளைந்த குஞ்சுகள் நெளிவதைக் காணலாம். அவை நாள்தோறும் வெளிப்படாமையால், மூன்று நாள் மலத்தைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.