கறுப்புத் திரையைக் கண்டு கலங்க வேண்டாம்!

போன வாரம் ஒரு நாள் காலை காப்பி டம்ளரைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, எதிர் வீட்டு மாமி ஓடோடி வந்தார். கண்களில் நீர் தளும்பிற்று.

"எல்லாம் போயிடுத்தே! அம்மா குரல் போயிடுத்தே!"

விஷயம் இதுதான். காலஞ்சென்ற தம் தாயார் பாடிய தாலாட்டுகளை மாமி வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார். வேறு பிரதி கிடையாது. அதே பெட்டியில், விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் குடி வைத்துவிட்டுப் பிள்ளையாண்டான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். இடம் போதவில்லையே என்று, பெயரே இல்லாமல் கிடந்த ஒரு 'பார்ட்டிஷ'னை மாமி அழித்துவிட்டார். அதுதான் லினக்ஸின் அறை! மறுபடி விசையைப் போட்டால் ஒரே கறுப்புத் திரை. அதில் 'கிரப்' என்று ஒரே ஒரு சொல்.

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் பதறாதீர்கள், சகோதரிகளே! கிரப் என்பது வாயில்காப்போன் மாதிரி. "விண்டோஸா, லினக்ஸா?" என்று கேட்டு உள்ளே அனுப்புவது அதன் வேலை. அதன் குறிப்பேடு லினக்ஸின் அறையில் இருந்தது. அறையோடு குறிப்பேடும் போயிற்று. காவலாளி வழி தெரியாமல் விழிக்கிறான். அவ்வளவுதான்! விண்டோஸும் பாட்டுகளும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன.

மாமியுடையது 'யு.இ.எஃப்.ஐ.' முறையில் கிளம்பும் கம்ப்யூட்டர். விசையைப் போட்டவுடன் 'எஃப் 12' பொத்தானைத் தட்டினோம். (சிலவற்றில் 'எஃப் 9', சிலவற்றில் 'எஸ்கேப்'.) வந்த பட்டியலில் 'விண்டோஸ் பூட் மானேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்தோம். விண்டோஸ் திறந்தது, தாலாட்டும் ஒலித்தது! மாமி மறுபடியும் அழுதார்; இந்த அழுகை வேறு. பிறகு 'செட்டப்'பில் விண்டோஸை முதல் வரிசைக்கு ஏற்றினோம். லினக்ஸின் வெறும் பெயர் பட்டியலில் மிஞ்சி நிற்கிறது. அதனால் தொல்லை இல்லை. பிள்ளை வந்தால் 'இ.எஃப்.ஐ. பூட் மானேஜர்' என்ற லினக்ஸ் கருவியால் நீக்கிவிடலாம்.

மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்:

பார்ட்டிஷனில் கை வைக்குமுன், முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள்.

லினக்ஸ் வேண்டாமென்றால், முதலில் விண்டோஸை வரிசையில் முன்னே ஏற்றுங்கள். அறையை அழிப்பது அதற்குப் பிறகுதான்.

'இ.எஃப்.ஐ.' என்று ஒரு சின்னஞ்சிறு பார்ட்டிஷன் இருக்கும். பல கம்ப்யூட்டர்களில் 100 மெகாபைட்தான். உபயோகமற்றதாகத் தோன்றும். அதைத் தொடவே தொடாதீர்கள்! விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் வாசல் அங்கேதான்.

இப்போது மாமியின் வீட்டில் தாலாட்டு மூன்று இடங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை?