பந்து யாருக்குத் தோழன்?

“கார்ட்டூன் பார்க்கிற வயதா இது?” என்று கேலி பேசும் விடுதி நண்பர்கள் இக்கட்டுரையையும் கேலி செய்யட்டும். ‘கேப்டன் த்சுபாசா’வின் தொடக்கப்பள்ளிப் பாகத்தைத் தம்பியோடு உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். பார்த்தபின் சில நாட்கள் மனம் அமைதி கொள்ளவில்லை.

யோஇச்சி தகாஹாஷி 1981-இல் சித்திரக்கதையாக எழுதத் தொடங்கியது இது; 1983-இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. பேஸ்பால் கோலோச்சிய நாட்டில், தொழில்முறைக் கால்பந்து லீக் 1993-இல்தான் பிறந்த நாட்டில், ஒரு சிறுவன் உலகக் கோப்பையைக் கனவு காண்கிறான்! ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது 1998-இல். கதை நனவை முந்திக்கொண்டது எனலாம்.

தொடக்கமே அழகு. நான்கசு என்னும் ஊருக்குக் குடிவரும் த்சுபாசா, ஊரின் தலைசிறந்த கோல் கீப்பர் வகாபயாஷிக்குச் சவாலைப் பந்தின்மீதே எழுதி, குன்றின் மேலிருந்து அவன் வீட்டை நோக்கி உதைக்கிறான். இருவர் பள்ளிகளும் மோதும் ஆட்டம் சமனில் முடிகிறது. முதல் ஆட்டத்திலேயே நாயகனுக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுக்காத துணிவு எத்தனை கதாசிரியர்களுக்கு வரும்?

குறைகள் இல்லாமலா? மைதானம் அடிவானம்வரை நீள்கிறது. ஒரு பந்தை உதைப்பதற்குள் ஒருவன் தன் வாழ்க்கையையே நினைத்து முடித்துவிடுகிறான். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஓரத்தில் நின்று கத்துகிற வேலைதான். முதலாவதைச் சிரித்து மன்னிக்கலாம். இரண்டாவதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

ஆயினும் என்னை உறுத்தியது வேறு. மெய்வா அணியின் ஹ்யூகா கொஜிரோ. தந்தையை இழந்தவன், மூத்தவன், தம்பி தங்கையருக்காகப் பத்திரிகை விநியோகம் செய்பவன். அவனுக்குக் கால்பந்து, உதவித்தொகையோடு படிக்க ஒரு வழி. த்சுபாசாவுக்கோ தந்தை கப்பல் தலைவர். வீட்டிலேயே விருந்தினராகத் தங்கிப் பயிற்சி தரும் பிரேசில் வீரர் ரொபெர்தோ. பந்து என் தோழன் என்று அவன் மகிழ்ச்சியாகச் சொல்ல முடிகிறது. பசியோடு ஆடுகிறவன் எப்படிச் சொல்வான்? ஹ்யூகா எதிராளிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறான். கதை அவனை முதலில் முரடனாகவே நமக்கு அறிமுகம் செய்கிறது.

அரையிறுதியில் மிசுகி ஜூனுக்கு இதயநோய் என்று தெரிந்ததும் த்சுபாசா தடுமாறுகிறான். கால்கள் ஓட மறுக்கின்றன. இந்தப் பாகத்தின் சிகரம் அதுவே. எதிரணிக்காரனும் ஒரு மனிதன் என்று குழந்தைகளுக்குப் பாடம் போலன்றிக் காட்டிவிடுகிறார்கள். அப்படியானால் வறுமை நோயில்லையா? இறுதி ஆட்டத்தில் ஹ்யூகாவுக்காக அப்படியொரு தடுமாற்றத்தை ஆசிரியர் வைக்கவில்லையே! மகிழ்ச்சிக்காக ஆடுபவன் வெல்கிறான். தேவைக்காக ஆடுபவன் தோற்கிறான். பார்க்கும் பிள்ளை இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளும்?

ஹ்யூகா பிறகு தோஹோ பள்ளியில் உதவித்தொகையோடு சேர்கிறான், உண்மைதான். அதற்காக ஆசிரியருக்கு நன்றி. அவனைப் படைத்ததற்கே நன்றி சொல்லவேண்டும். அவனில்லாவிட்டால் இது நல்ல பிள்ளைகள் ஆடும் நல்ல ஆட்டமாக மட்டும் நின்றிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புவரை விடியற்காலையில் சைக்கிளில் பேப்பர் போட்டவன் நான். எனவே என் தீர்ப்பில் சற்றுப் பாரபட்சம் இருக்கலாம், மறுக்கவில்லை.

இறுதி ஆட்டம் முடிந்த இரவு தம்பி கேட்டான், “அண்ணா, ஹ்யூகா கெட்டவனா?”

“இல்லடா. காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறவன்” என்றேன்.