முகக் கிரீம் விற்போர் கவனத்திற்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வரும் பெண்கள், நம் கடைகளில் அரிசி பருப்போடு முகக் கிரீமும் வாங்கிச் செல்கிறார்கள். இப்போதெல்லாம் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "அண்ணாச்சி, கிளிசரில் ஸ்டியரேட் என்று ஏதோ போட்டிருக்கிறதே, கெமிக்கல்தானே?" என்று கேட்கிறார்கள். விற்கும் நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டாமா?

அது ஓர் எமல்சிஃபையர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது அல்லவா? அவற்றைப் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருளுக்கே இந்தப் பெயர். பாலில் கொழுப்பு பிரியாமல் நிற்கப் புரதம் உதவுகிறது. பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கழுவி எடுப்பதும் இதே முறையில்தான். அந்தக் காலக் கோல்டு கிரீமில் தேன்மெழுகும் வெண்காரமும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தன. ஆகவே பெயரைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

ஆனால் எல்லாத் தோலுக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளாது. சோடியம் லாரில் சல்பேட் கலந்த 'அக்வியஸ் கிரீம்', எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு எரிச்சல் தரலாம் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது. எரிகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், உடனே நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது 2023-இல் வெளிச்சத்திற்கு வந்தது. சந்தேகம் விழுந்தது கிரீமில் இருந்த பாதரசத்தின் மீது. அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. முகக் கிரீமில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூட 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதி.

எனவே, தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகிய நான்கும் இல்லாத கிரீமை, எவ்வளவு மார்ஜின் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கும் சரக்குக்குப் பில் கேளுங்கள். தகரக் கூரைக்கு அடியிலும் வெயில் படும் இடத்திலும் கிரீமை அடுக்க வேண்டாம். சூட்டில் கலவை முறியும். எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து நிற்கும் டப்பாவை விற்காமல் திருப்பி அனுப்புங்கள்.

மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் இத்தகைய சரக்கை இறக்காவிட்டால் சில்லறைக் கடைக்கு அது வராது. முதல் பொறுப்பு எங்களுடையதே. டப்பாவுக்கு நாலு ரூபாய் கூடுதலாக நிற்கிறது என்பதற்காக, மாதாமாதம் மளிகைக்கு நம்மை நம்பி வரும் குடும்பத்தை இழக்கலாமா?